குறி தப்புனா சட்டை போச்சு: அமெரிக்க மான் வேட்டை கேம்ப்ல இந்தக் கேலி எதுக்கு?

அமெரிக்காவுல மான் வேட்டைக்குப் போறவங்க கேம்ப்ல ரொம்ப காலமா ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் மானைப் பாத்து சுட்டு குறி தப்பிடுச்சுன்னா, ராத்திரி எல்லாரும் கேபினுக்குத் திரும்புன பிறகு அவரை நடுவுல நிக்க வச்சு, போட்டிருக்கிற சட்டையோட பின்பக்கம் கீழ தொங்குற துணியை அப்படியே வெட்டி எடுத்துடுவாங்க. அந்தத் துண்டுல பேரு, தேதி, சில இடத்துல எத்தனை கஜத்துல தப்புச்சுங்கிறதையும் மார்க்கர்ல எழுதி சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிடுவாங்க. அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா பக்கம் வேட்டை கிளப்புகள்ல இது ரொம்ப பிரபலம், வடக்க இருக்கிற சில கேம்ப்லயும் உண்டு. தாத்தா சட்டைத் துண்டு, மகன் சட்டைத் துண்டு, பேரன் சட்டைத் துண்டுன்னு ஒரே சுவத்துல வரிசையா தொங்குற கேபின்லாம் இருக்கு.

வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இது சும்மா ஆம்பளைங்க கூடி அடிக்கிற கூத்து மாதிரிதான் தெரியும், ஆனா கொஞ்சம் உள்ள போய் பாத்தா இந்தக் கேலிக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கு. எதுக்கு கேலி பண்ணலாம், எதுக்கு பண்ணவே கூடாது, யாரை எவ்வளவு பண்ணலாம்னு எழுதாத சட்டம் ஒண்ணு ஓடுது. என்னைக் கேட்டா, துப்பாக்கியும் கையுமா நாலு நாள் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற ஆளுங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் உண்மை பேசுறதுக்கு வச்சிருக்கிற ஏற்பாடுதான் இது. வேட்டை சரியா தப்பாங்கிற விவாதம் தனி, இங்க நான் அதுக்குள்ள போகல.

முதல்ல இந்த கேம்ப்னா என்னன்னு பாப்போம். வேட்டைக்காரங்க சீசன் நாட்கள்ல கூட்டமா சேர்ந்து தங்குற கேபின்தான் கேம்ப், சீசன்னா மானைச் சுட அனுமதி இருக்கிற நாட்கள். விஸ்கான்சின், மிச்சிகன், மின்னசோட்டா, பென்சில்வேனியா, வெர்மான்ட் மாதிரி மாநிலங்கள்ல நவம்பர் மாசம் வந்தாலே பேச்செல்லாம் மான் சீசன் பத்திதான். விஸ்கான்சின்ல துப்பாக்கி சீசன் மொத்தமே 9 நாள், நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பிக்கும். மிச்சிகன்ல எந்தக் கிழமையா இருந்தாலும் நவம்பர் 15ல ஆரம்பிச்சு 30 வரைக்கும். பென்சில்வேனியால ரொம்ப வருஷமா தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச திங்கக்கிழமைதான் முதல் நாள், அன்னைக்கு நிறைய ஸ்கூலுக்கு லீவே விட்டுடுவாங்க, 2019லதான் அதை சனிக்கிழமைக்கு மாத்துனாங்க, அதுக்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்ல. மில்வாக்கி, டெட்ராய்ட் பக்கம் வேலை பாக்குற நம்மாளுங்களுக்கு இது நல்லாத் தெரியும், அந்த வாரம் மீட்டிங் வச்சா பாதிப்பேர் இருக்க மாட்டாங்க.

மிச்சிகன்ல மேல் தீபகற்பம்னு சொல்ற வடக்குப் பகுதிக்குப் போறது முன்னாடி ஒரு பெரிய யாத்திரை மாதிரி. நடுவுல மேக்கினா ஜலசந்தி, பாலம் கிடையாது, கார் எல்லாம் ஃபெர்ரியிலதான் ஏறணும், சீசன் தொடங்குறதுக்கு முந்தின நாட்கள்ல மேக்கினா சிட்டியில மைல் கணக்குல கார் வரிசை கட்டி நிக்கும், வண்டியிலயே தூங்கி எழுந்து காத்துக்கிடப்பாங்க. 1957 நவம்பர் 1ஆம் தேதி பாலம் திறந்தாங்க, அதாவது சீசனுக்கு சரியா 2 வாரம் முன்னாடி. அந்த வருஷம் வேட்டைக்காரங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

கேம்ப்கள் உருவான கதைக்கும் இந்தக் கேலிக்கும் சம்பந்தம் இருக்குங்கிறதால அதையும் சொல்லிடுறேன். 1800களோட கடைசியில வட மிச்சிகன், வட விஸ்கான்சின் பைன் காட்டையெல்லாம் மர கம்பெனிங்க மொட்டையடிச்சுட்டாங்க. இன்னொரு பக்கம் வியாபாரத்துக்காக மானைச் சுட்டு ரயில்ல ஏத்தி நகரத்து மார்க்கெட்டுக்கு அனுப்புனாங்க. 1900 வாக்குல அமெரிக்கா முழுக்க வெள்ளைவால் மான் வெறும் 3 லட்சத்துல இருந்து 5 லட்சம்தான் மிஞ்சியிருக்கும்னு மதிப்பிடுறாங்க, இன்னைக்கு அது கிட்டத்தட்ட 3 கோடி. சட்டவிரோதமா கொன்ன விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தக்கூடாதுன்னு 1900ல லேசி சட்டம் வந்துச்சு. 1937ல பிட்மன் ராபர்ட்சன் சட்டம் வந்து, துப்பாக்கி, தோட்டா மேல போடுற வரி வனவிலங்கு பாதுகாப்புக்குப் போற மாதிரி பண்ணுச்சு. விஸ்கான்சின்ல 1925ல இருந்து 1935 வரைக்கும் ஒத்தைப்படை வருஷத்துல சீசனே கிடையாது, வருஷம் விட்டு வருஷம்தான் வேட்டை.

அந்தக் காலத்துல இருந்த நிலைமையை யோசிங்க. மர கம்பெனி விட்டுட்டுப் போன குடிசையிலயோ, வரி கட்டாம அரசாங்கத்துக்குப் போன நிலத்தை மலிவா வாங்கிப் போட்ட கேபின்லயோ பத்துப் பேர் தங்குறாங்க. மான் கம்மி. அதுலயும் கொம்பு உள்ள ஆண் மான், அவங்க பாஷையில பக், அதை மட்டும்தான் சுடலாம், கொம்பு குறைஞ்சது 3 அங்குலமாவது இருக்கணும். ஒரு சீசன் முழுக்க காத்திருந்து ஒரே ஒரு வாய்ப்பு கிடைக்கும். அதையும் ஒருத்தர் கோட்டை விட்டார்னா அது அவரோட சொந்த நஷ்டம் மட்டும் இல்ல, கேம்ப்போட இறைச்சியும் போச்சு. விஸ்கான்சின் சட்டத்துல இன்னைக்கும் ஒரு விஷயம் இருக்கு, துப்பாக்கி சீசன்ல சேர்ந்து வேட்டையாடுறவங்க ஒருத்தர் குரல் இன்னொருத்தருக்கு ஃபோனோ வாக்கிடாக்கியோ இல்லாம கேக்குற தூரத்துல இருந்தா, ஒருத்தரோட உரிமத்துக்கு இன்னொருத்தர் சுட்டுத் தரலாம். வேட்டையே கூட்டு வேலைதான்னு சட்டமே ஒத்துக்குது. அதனால தப்புன குறியும் பொதுச்சொத்து ஆயிடுது.

தெற்குல இது இன்னும் அப்பட்டமா தெரியும். அங்க நாயை விட்டு மானைக் கலைச்சு ஓட்டிட்டு வருவாங்க, மத்தவங்க அவங்கவங்களுக்குக் கொடுத்த இடத்துல ஷாட்கன்னோட நிப்பாங்க. காலைல இருந்து நாயோட பின்னாடி சேத்துலயும் முள்ளுலயும் ஓடி ஒருத்தர் மானைக் கொண்டு வந்து உங்க முன்னாடி விடுறார், நீங்க பட்டுபட்டுன்னு சுட்டுட்டு வெறுங்கையோட நிக்கிறீங்க. சுட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டிருக்கு. மறைக்கவே முடியாது. சட்டையை வெட்டுற வழக்கம் அந்தப் பக்கம் இவ்வளவு ஆழமா வேர் விட்டதுக்கு இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

கேபினுக்குள்ள வாழ்க்கை எல்லா ஊர்லயும் ஏறக்குறைய ஒண்ணுதான். விறகு அடுப்பு, வரிசையா அடுக்குக் கட்டில், ஒரு நீள மேஜை. ராத்திரி சீட்டாட்டம், மிச்சிகன்ல யூக்கர், விஸ்கான்சின்ல ஜெர்மன்காரங்க கொண்டு வந்த ஷீப்ஸ்ஹெட், ரெண்டு பக்கமும் கிரிபேஜ். மேல் தீபகற்பத்துல ஃபின்லாந்துல இருந்து வந்தவங்க பரம்பரை அதிகம்ங்கிறதால கேம்ப்ல சவுனாங்கிற சூடான வியர்வைக் குளியல் அறை கட்டாயம் இருக்கும், இங்கிலாந்தோட கார்ன்வால்ல இருந்து வந்த சுரங்கத் தொழிலாளிங்க கொண்டு வந்த பேஸ்டிங்கிற, இறைச்சி வச்சு மடிச்ச பலகாரமும் இருக்கும். வெளிய ரெண்டு மரத்துக்கு நடுவுல குறுக்க ஒரு கட்டை கட்டி அதுல சுட்ட மானைத் தொங்க விடுவாங்க, பேரு பக் போல், மிச்சிகன்ல சில ஊர்கள்ல ஊர் நடுவுலயே பொதுவா ஒண்ணு நட்டு வச்சிருப்பாங்க, குடும்பத்தோட வந்து வேடிக்கை பாப்பாங்க. முதல் மான் விழுந்த ராத்திரி ஈரலும் வெங்காயமும் வதக்குறது நிறைய கேம்ப்ல முறை. புதுசா வந்தவர் விறகு எடுக்கணும், பாத்திரம் கழுவணும். சாப்பாட்டைக் குறை சொன்னா அடுத்த வேளை சமையல் குறை சொன்னவர் தலையில. சமையல்காரரை யாரும் பகைச்சுக்க மாட்டாங்க.

சரி, குறி ஏன் தப்புது? இதைப் புரிஞ்சுக்காம கேலியைப் புரிஞ்சுக்க முடியாது. வேட்டை தெரியாதவங்க நினைக்கிறது, குறி பாக்க தொலைநோக்கி மாதிரி ஸ்கோப் வச்ச ரைஃபிள், 60, 70 கஜத்துல நிக்கிற மான், எப்படிங்க தப்பும்? சுட்டுப் பழகுற ரேஞ்ச்ல பெஞ்ச் மேல மணல் மூட்டை வச்சு 100 கஜத்துல சுட்டுப் பாத்தா இதே ஆளோட தோட்டா எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள்ளதான் விழும். மானோட நெஞ்சுப் பகுதியில உயிர்நிலை இருக்கிற இடம் சுமார் 8 அங்குல வட்டம். கணக்குப்படி தப்பவே கூடாது.

ஆனா காட்டுல நடக்கிறதே வேற. விடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் உக்காந்தாச்சு, கை விரல் மரத்துப் போச்சு, மூணு மணி நேரமா அணில் சத்தத்தைத் தவிர ஒண்ணும் இல்ல, திடீர்னு ஒரு சத்தமும் இல்லாம மான் வந்து நிக்குது. அவ்வளவுதான், அட்ரினலின் பாயுது, இதயம் நெஞ்சை உடைக்கிற மாதிரி அடிக்குது, கை நடுங்குது, மூச்சு வாங்குது, பார்வை சுருங்கி கொம்பு மட்டும்தான் தெரியுது. இதுக்கு பக் ஃபீவர்னு பேரு. அனுபவம் இல்லாதவங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைக்காதீங்க, முப்பது வருஷம் வேட்டையாடுனவரையும் ஒரு பெரிய கொம்பு ஆட்டி வச்சிடும். சுட்ட சத்தமே காதுல விழலன்னு சொல்றவங்க உண்டு. இன்னும் மோசமான கேஸ் என்னன்னா, ட்ரிகரை அழுத்தாமலே, தோட்டாவை மாத்துற போல்ட்டை இழுத்து இழுத்து தோட்டாவையெல்லாம் வெளிய தள்ளிட்டு, தான் சுட்டு முடிச்சுட்டதா நம்பிட்டு நிக்கிறது. கீழ பாத்தா பனி மேல வெடிக்காத தோட்டா வரிசையா கிடக்கும். இது கட்டுக்கதை மாதிரி இருக்கும், ஆனா கேம்ப் கேம்ப்பா சொல்லப்படுற விஷயம் இது.

இதுக்கு மேல சின்னச் சின்ன விஷயங்கள். கொம்பைப் பாக்கணும்ங்கிற ஆசையில ட்ரிகரை அழுத்துற நொடியில கன்னத்தை துப்பாக்கிக் கட்டையில இருந்து தூக்கிடுவாங்க, தோட்டா மானோட முதுகுக்கு மேல போயிடும். ட்ரிகரை மெதுவா அழுத்தாம வெடுக்குன்னு இழுப்பாங்க. ஸ்கோப்பை 9 மடங்கு பெரிசாக்குற மாதிரி வச்சிருப்பாங்க, மான் 20 கஜத்துல வந்துடும், கண்ணுல தெரியுறது வெறும் ரோமம்தான், அது தோளா தொடையான்னே தெரியாது. துப்பாக்கி லாரியில குலுங்கி ஸ்கோப் நகந்திருக்கும். குளிர்ல இருந்த துப்பாக்கியை சூடான கேபினுக்குள்ள கொண்டு போனா கண்ணாடியில நீர் பூத்துடும், அதனால விவரம் தெரிஞ்சவங்க தோட்டாவை எடுத்துட்டு துப்பாக்கியை குளிர்ந்த திண்ணையிலயே பத்திரமா வச்சிடுவாங்க. அப்புறம் குறுக்க வந்த சுள்ளி. நிஜமாவே சுள்ளியில பட்டா தோட்டா திசை மாறும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா கேம்ப்ல சொல்லப்படுற சுள்ளியெல்லாம் காட்டுல இருக்குமான்னா, அவ்வளவு சுள்ளி எந்தக் காட்டுலயும் கிடையாது.

குளிர்ந்த காட்டுல சத்தம் ரொம்ப தூரம் போகும். அவரவர் இடத்துல உக்காந்தபடியே மத்தவங்க எண்ணிட்டுதான் இருப்பாங்க. ஒரு வெடின்னா இறைச்சி, ரெண்டுன்னா ஒருவேளை, மூணுன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் வர்ற மாதிரி பழமொழியே இருக்கு. அதனால நாலு தடவை வெடிச்சிட்டு மத்தியானம் கேபினுக்கு வர்றவர் கதவைத் திறக்கும்போதே கச்சேரி ஆரம்பிச்சிடும். "என்னப்பா, காலைல போர் ஏதாவது நடந்துச்சா?" "மானுக்கு காது வலிக்குமேன்னு யோசிச்சியா?" சில கேம்ப்ல முறையா கோர்ட்டே கூடும், வயசுல பெரியவர் நீதிபதி, ஒருத்தர் அரசு வக்கீல், ஒருத்தர் தற்காப்பு வக்கீல், அந்தத் தற்காப்பு வக்கீல் பேசுறதுலதான் கேஸ் இன்னும் மோசமாகும். குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லணும். எங்க உக்காந்திருந்தாரு, மான் எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு, எவ்வளவு தூரம், நின்னுச்சா ஓடுச்சா, எப்ப சுட்டாரு, மான் எப்படி ஓடுச்சு, வால் மேல இருந்துச்சா கீழ இருந்துச்சா, போய்ப் பாத்தாரா.

கடைசிக் கேள்விதான் முக்கியம். போய்ப் பாத்தியா?

ஏன்னா துப்பாக்கி வெடிச்சதுக்கு அப்புறம் மான் ஓடிடுச்சுன்னா அது தப்புனதுன்னு அர்த்தம் இல்ல. நெஞ்சுல சரியா அடி வாங்குன மான்கூட 100 கஜம் ஓடித்தான் விழும். அதனால மான் நின்ன இடத்தை அடையாளம் வச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, அங்க போய் ரத்தம் இருக்கா, ரோமம் இருக்கா, காலடித் தடம் எப்படி இருக்குன்னு பாக்கணும். வயித்துல பட்டிருந்தா பல மணி நேரம் காத்திருக்கணும், உடனே துரத்துனா அது எங்கேயோ போய் யாருக்கும் கிடைக்காம செத்துப்போகும். வெக்கப்பட்டு "நான் சுடவே இல்ல, பக்கத்து கேம்ப்காரன் சுட்டிருப்பான்"னு ஒருத்தர் பொய் சொன்னா, அடிபட்ட மான் ஒண்ணு காட்டுல கிடந்து துடிக்கும். அதனாலதான் இந்த விசாரணை. கேலியோட கேலியா எல்லா விவரமும் வெளிய வந்துடுது, கேட்டுட்டு இருக்கிற அனுபவசாலி ஒருத்தர் நடுவுல சிரிப்பை நிறுத்திட்டு "இரு இரு, முதுகை வளைச்சு குதிச்சதுன்னா சொன்ன? டார்ச்சை எடு, வா போய்ப் பாக்கலாம்"னு எழுந்திருவாரு. உடனே கோர்ட் கலைஞ்சிடும்.

சுத்தமா தப்புனதுக்குத்தான் கேலி. காயம் பட்டு ஓடிப்போன மானுக்கு யாரும் கேலி பண்ண மாட்டாங்க. கேம்ப்ல எல்லாரும் சாப்பாட்டை அப்படியே வச்சுட்டு கிளம்பி, ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் தேடுவாங்க. கிடைக்கலன்னா அன்னைக்கு கேபின்ல பேச்சே இருக்காது, சட்டை வெட்டுறதெல்லாம் அந்த நாள்ல யாரும் நினைக்கக்கூட மாட்டாங்க. துப்பாக்கியைக் கவனக்குறைவா பிடிக்கிறது, என்னன்னு சரியா பாக்காம சத்தம் வந்த பக்கம் சுடுறது, இதுக்கும் கேலி கிடையாது, நேரா கண்டிப்புதான், சில சமயம் அடுத்த வருஷம் அழைப்பே வராது. ஆக எதுக்குச் சிரிக்கிறாங்க, எதுக்குச் சிரிக்கலங்கிறதை வச்சே புதுசா வந்த பையன் எது சின்னத் தப்பு, எது பெரிய தப்புன்னு கத்துக்கிறான். யாரும் உக்காத்தி வச்சு பாடம் எடுக்கல.

1940ல ராட்கிளிஃப் பிரவுன்னு ஒரு மானுடவியலாளர் கேலி உறவுகள் பத்தி எழுதுனார். சில உறவுகள்ல ஒருத்தர் இன்னொருத்தரைக் கேலி பண்ணலாம், சில சமயம் பண்ணியே ஆகணும், கேலிக்கு ஆளானவர் கோவிச்சுக்கக் கூடாது, இதுதான் அவர் சொன்னதோட சாரம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், மாமன் மச்சான் உறவுல நாம பாக்காததா? கேம்ப்லயும் அதேதான், உங்களைக் கேலி பண்றாங்கன்னா நீங்க உள்ள ஆளு. புதுசா வந்த விருந்தாளி குறி தப்பிட்டு வந்தா மரியாதையா "பரவால்லங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு சொல்லி விட்டுடுவாங்க, அந்த மரியாதைதான் அவர் இன்னும் வெளிய ஆளுங்கிறதுக்கு அடையாளம். ரெண்டாவது வருஷமோ மூணாவது வருஷமோ அவர் சட்டைக்கும் கத்திரிக்கோல் வரும்.

இன்னொரு உதாரணம் ஆப்பிரிக்காவுல இருந்து. கலஹாரி பாலைவனத்துல வேட்டையாடி வாழ்ந்த குங் பழங்குடி மக்களோட 1960கள்ல தங்கி ஆராய்ச்சி பண்ண ரிச்சர்ட் லீங்கிற மானுடவியலாளர் ஒரு விஷயத்தைப் பதிவு பண்ணியிருக்கார். அங்க பெரிய வேட்டை கிடைச்சு வர்றவனைத்தான் மட்டம் தட்டுவாங்க, "இந்த எலும்புக்கூட்டைத் தூக்கவா எங்களை இவ்வளவு தூரம் கூப்பிட்ட"ங்கிற மாதிரி பேசுவாங்க, ஜெயிச்சவனுக்கு தலைக்கனம் ஏறி மத்தவங்களை அதிகாரம் பண்ணிடக் கூடாதுன்னு. அமெரிக்க கேம்ப்ல தோத்தவரைக் கேலி பண்றாங்க. பாக்க நேரெதிரா இருக்கு, ஆனா ஒரு வித்தியாசமும் இல்லன்னுதான் நான் சொல்வேன். குங் மக்கள் மேல ஏறுனவனைக் கீழ இறக்குறாங்க. இங்க பாத்தீங்கன்னா, வெளிய பெரிய கம்பெனி முதலாளியா இருந்தாலும் சரி, மெக்கானிக்கா இருந்தாலும் சரி, குறி தப்புனா ரெண்டு பேர் சட்டையும் ஒரே சுவத்துலதான் தொங்கும். சம்பளமும் பதவியும் அந்தக் கதவுக்கு வெளியவே நின்னுடுது.

இதுல எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். கேலி அளவு தாண்டுனா ஆள் அடுத்த வருஷம் வரமாட்டான், சின்னப் பசங்களைப் பொறுத்தவரை இது ரொம்பவே உண்மை. பத்து, பன்னெண்டு வயசுப் பையனோ பொண்ணோ முதல் மானைத் தப்ப விட்டுட்டு கண்ணு கலங்கி நிக்கும்போது கத்திரிக்கோலைத் தூக்குறது தப்பு. நல்ல கேம்ப்ல பெரியவர் ஒருத்தர் தான் தப்ப விட்ட பெரிய மானோட கதையை முதல்ல எடுத்து விடுவாரு, அதைக் கேட்டு எல்லாரும் அவரை ஓட்டுவாங்க, குழந்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிக்க ஆரம்பிக்கும். அப்புறம் குழந்தையே "என் சட்டையை வெட்டலையா?"ன்னு கேக்கும். அந்த மாதிரி நேரம் தெரிஞ்சு பேசுற ஒரு பெரியவர் இல்லாத கேம்ப்ல இந்த வழக்கம் வெறும் கொடுமையாத்தான் முடியும்.

இப்ப இதெல்லாம் மாறிட்டு வருது. விஸ்கான்சின்ல 1990 வாக்குல கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் துப்பாக்கி சீசன் லைசென்ஸ் வாங்குனாங்க, இப்ப அது சுமார் 5.5 லட்சம். 2002ல அந்த மாநிலத்து மான்கள்ல சிடபிள்யூடிங்கிற மூளை நோய் இருக்கிறதைக் கண்டுபிடிச்சதும் சில பேர் வேட்டையையே விட்டுட்டாங்க. முன்னாடி சுட்ட மானை ஊர்ல இருக்கிற பதிவு நிலையத்துக்கு வண்டியில ஏத்திட்டுப் போகணும், அங்க மத்த கேம்ப்காரங்களைப் பாத்து கதை அளக்கலாம், 2015ல இருந்து ஃபோன்லயும் இன்டர்நெட்லயும் பதிவு பண்ணிக்கலாம்னு ஆனதுல அந்தக் கூட்டம் கலைஞ்சு போச்சு. நிலம் வச்சிருக்கிறவங்க அவங்கவங்க நிலத்துலயே மரத்து மேல ஸ்டாண்ட் கட்டி தனியா உக்காந்து சுட்டுட்டு ராத்திரி வீட்டுக்குப் போயிடுறாங்க, கேம்ப்ல தங்குற தேவையே இல்ல. தனியா சுட்டு தனியா தப்புனா அதைச் சொல்லவும் ஆள் இல்ல, போய்ப் பாத்தியான்னு கேக்கவும் ஆள் இல்ல. எனக்கு இதுலதான் உண்மையான கவலை. இன்னொரு பக்கம், முன்ன மாதிரி ஆம்பளைங்க மட்டும்னு இல்லாம பொண்ணுங்களும் மனைவிகளும் அம்மாக்களும் கேம்ப்க்கு வர்றாங்க, அவங்க சட்டையும் அதே சுவத்துல ஏறுது, இது எனக்கு ரொம்ப சந்தோஷம் தர்ற மாற்றம்.

உங்க ஆபீஸ்ல யாராவது நவம்பர்ல கேம்ப்க்குக் கூப்பிட்டா தைரியமா போங்க, முதல் வருஷம் துப்பாக்கி இல்லாம கூட இருந்து பாத்தாலே போதும். விஸ்கான்சின்ல 1973 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க சொந்தமா வேட்டையாடணும்னா பொதுவா பாதுகாப்பு வகுப்பு முடிச்சிருக்கணும். வேட்டையாடுறவங்க இடுப்புக்கு மேல போடுற வெளி உடுப்புல குறைஞ்சது பாதியாவது பளிச்சுனு ஆரஞ்சு கலர் இருக்கணும்னு 1980ல இருந்து சட்டம், 2016ல பளிச் பிங்க்கும் சேத்துட்டாங்க. சும்மா கூடப் போற நீங்களும் அதையே போட்டுக்கங்க. தொட்டுக்க ஏதாவது ஊறுகா எடுத்துட்டுப் போங்க, மான் கறிக்கு நல்லா சேரும்.